குதிரை, பிள்ளைகள், ஆர்.வி.: ஏரிக்கரை ஸ்டேட் பார்க்கில் மூன்று இரவு தங்க

கேள்வி இது: டாலஸில் இருக்கும் ஒரு குடும்பம், ஆறு வயதிலும் பத்து வயதிலும் இரண்டு பிள்ளைகள். ஆர்.வி. (படுக்கையும் சமையலறையும் உள்ள வண்டி) வாடகைக்கு எடுக்கப் போகிறார்கள். கூட வரும் நண்பர் குடும்பமும் நாலு பேர்தான். அவர்களிடம் இரண்டு குதிரைகள், இழுத்து வர ட்ரெய்லர். ஏரி உள்ள ஸ்டேட் பார்க்கில் மூன்று இரவு தங்க எங்கே போகலாம், என்னென்ன கவனிக்க வேண்டும்?

குதிரையிலிருந்து திட்டத்தைத் தொடங்குங்கள். பெரும்பாலானவர்கள் ஏரிக்கரையில் அழகான ஆர்.வி. இடத்தைப் பிடித்துவிட்டு, குதிரையை எங்கே கட்டுவது என்று பிறகு யோசிக்கிறார்கள். டெக்சஸ் ஸ்டேட் பார்க்கில் சாதாரண கேம்ப்சைட்டில் குதிரையைக் கட்டி வைக்க முடியாது, ஒரே ஒரு இரவு என்றாலும். குதிரைக்கென்று ஒதுக்கிய இடங்கள் தனி வகை. முன்பதிவுப் பக்கத்தில் ‘இக்வெஸ்ட்ரியன்’ என்று போட்டிருக்கும். ஒரு பார்க்கில் அவை சிலவே இருக்கும். கேம்ப்சைட் முன்பதிவு 5 மாதம் முன்னதாகத் திறக்கிறது. அக்டோபர், மார்ச், ஏப்ரல் வார இறுதிகள்தான் குதிரைக்காரர்கள் விரும்பும் காலம், அவை சீக்கிரம் போய்விடும். ஆகவே முதலில் குதிரை இடம், பிறகு ஆர்.வி. இடம்.

உங்களுக்குப் பக்கம் ரே ராபர்ட்ஸ் லேக் ஸ்டேட் பார்க். டென்டனுக்கு வடக்கே, பைலட் பாயின்ட் ஊரருகே. அந்தச் சுற்றுவட்டாரமே குதிரைப் பண்ணைகளுக்குப் பேர்போனது. இங்கே பலர் சறுக்கும் இடம் ஒன்று உண்டு: பார்க்கின் பெயர் ஒன்று, ஆனால் பெரிய பிரிவுகள் இரண்டு. தென்கரையில் ஐல் டு புவா, வடகரையில் ஜான்சன் பிராஞ்ச். குதிரைக்கான கேம்ப்சைட்டுகள் ஐல் டு புவாவில். ஒரு குடும்பம் அங்கேயும் மற்றது ஜான்சன் பிராஞ்சிலும் பதிவு செய்துவிட்டால், நடுவில் ஏரி. காபி குடிக்கக்கூட வண்டியை எடுத்துக்கொண்டு சுற்றித்தான் வர வேண்டும். அணைக்குக் கீழே லூயிஸ்வில் ஏரி வரை போகும் கிரீன்பெல்ட் பாதையில் குதிரைக்கென்றே தனித் தடம் இருக்கிறது. மழைக்குப் பிறகு அது அடிக்கடி மூடப்படும். புறப்படும் முந்தைய நாள் பார்க்குக்கு ஒரு போன் போட்டுக் கேட்டுவிடுவது நல்லது. ஈரத் தடத்தில் குதிரை போனால் ஒவ்வொரு குளம்படியும் ஒரு குழி, காய்ந்த பிறகு அது கல் மாதிரி இறுகிவிடும். அதனால்தான் மழைக்குப் பின் குதிரைக்குத்தான் முதலில் பாதையை மூடுவார்கள்.

ஹூஸ்டன், ஆஸ்டின் பக்கத்திலிருந்தும் ஆட்கள் சேர்வதாக இருந்தால் லேக் சோமர்வில் பொருத்தம். அங்கேயும் இதே கதைதான்: வடகரையில் பர்ச் கிரீக், தென்கரையில் நெய்ல்ஸ் கிரீக். ஏரியின் மேற்கு முனையைச் சுற்றி ஏறத்தாழ 13 மைல் நீளத் தடம் இரண்டையும் இணைக்கிறது, குதிரையில் போக அருமையான பாதை. ஆனால் சாலை வழியே போனால் நீண்ட சுற்று. இரண்டு குடும்பமும் ஒரே பிரிவில் பதிவு செய்ய வேண்டும்.

ஒரு கேம்ப்சைட்டில் அதிகபட்சம் எட்டு பேர். உங்கள் நாலும் அவர்கள் நாலும் கணக்குக்குச் சரி, எனவே ஒரே இக்வெஸ்ட்ரியன் இடத்தில் எல்லோரும் அடங்கிவிடலாம் என்று தோன்றும். என் யோசனை வேறு. பிக்கப்பும் ட்ரெய்லரும் சேர்ந்தாலே நாற்பது அடி நீளத்துக்குப் பக்கமாக வந்துவிடும், ஆர்.வி.க்கு இடம் மிஞ்சாது. தவிர குதிரை இடங்களில் ஏ.சி. ஓட்டுகிற அளவு மின்சாரம் இருக்கும் என்று நம்பிப் போகக் கூடாது. சில பார்க்குகளில் தண்ணீர்க் குழாய் மட்டும்தான். நண்பர் இக்வெஸ்ட்ரியன் இடம் எடுக்கட்டும், நீங்கள் அதே பிரிவில் மின்சாரம் உள்ள இடம் எடுங்கள். குதிரை இல்லாமல் இக்வெஸ்ட்ரியன் இடத்தைப் பதிவு செய்வது பல பார்க்குகளில் விதிக்குப் புறம்பு என்பதையும் மனதில் வையுங்கள்.

அடுத்தது காகிதம். ஒவ்வொரு குதிரைக்கும் கடந்த 12 மாதத்துக்குள் எடுத்த காகின்ஸ் பரிசோதனையின் நெகட்டிவ் சான்று வேண்டும். இது இக்வைன் இன்ஃபெக்ஷியஸ் அனீமியா என்ற வைரஸுக்கான ரத்தப் பரிசோதனை. ரத்தம் குடிக்கும் ஈ நோயுள்ள குதிரையைக் கடித்து, வாயில் ரத்தம் காய்வதற்குள் அடுத்த குதிரையைக் கடித்தால் நோய் தொற்றும். தடுப்பூசியும் கிடையாது, மருந்தும் கிடையாது. பாசிட்டிவ் வந்த குதிரையைக் கருணைக்கொலை செய்ய வேண்டும், இல்லையென்றால் ஆயுள் முழுக்க மற்றக் குதிரைகளிடமிருந்து 200 கஜம் தள்ளி வைக்க வேண்டும். பத்துக் குதிரை அக்கம்பக்கமாக நிற்கும் இடத்தில் ஏன் இவ்வளவு கறார் என்பது இதிலிருந்து புரியும். ரத்தம் எடுத்து லேபுக்கு அனுப்பி முடிவு வரச் சில நாள் ஆகும், வியாழன் மாலை ஞாபகம் வந்து பயனில்லை. அச்சிட்ட பிரதி ஒன்று ட்ரெய்லரிலும், படம் ஒன்று போனிலும் இருக்கட்டும். ஓக்லஹோமாவிலிருந்து குதிரை வருவதாக இருந்தால், 30 நாளுக்குள் கால்நடை மருத்துவர் கொடுத்த உடல்நலச் சான்றும் சேர்ந்து தேவை.

இனி இழுவை. வாடகை ஆர்.வி.யின் பின்னால் குதிரை ட்ரெய்லரை மாட்டிவிட்டால் ஒரு வண்டி மிச்சம் என்ற எண்ணம் வந்தால் விட்டுவிடுங்கள். வாடகை ஒப்பந்தங்கள் பெரும்பாலும் அதை அனுமதிப்பதில்லை, காப்பீடும் நிற்காது. நண்பரின் பிக்கப்தான் இழுக்க வேண்டும், அதிலும் கணக்கு உண்டு. இரண்டு குதிரை ட்ரெய்லர் வெறுமையாக 3,200 பவுண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். குதிரைகள் 2,200. புல், தண்ணீர், சேணம் எல்லாம் 600. மொத்தம் 6,000 பவுண்டு. அரை டன் பிக்கப் 9,000 இழுக்கும் என்று விளம்பரத்தில் போட்டிருக்கிறதே என்று எல்லோரும் இங்கேயே நிறுத்திவிடுவார்கள். சிக்கல் வேறு இடத்தில். ட்ரெய்லர் எடையில் 10 முதல் 15 சதவீதம் கொக்கியில் உட்காரும். அதாவது 600 முதல் 900 பவுண்டு. அது பிக்கப்பின் சுமைத் திறனில் சேரும். நாலு பேர் 500, ஐஸ் பெட்டியும் சாமானும் 150. கூட்டினால் 1,550 வரை போகிறது. ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால் கதவு நிலையில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் சுமைத் திறன் 1,500 என்று இருந்தால், வண்டி ஏற்கெனவே அளவு தாண்டிவிட்டது. கொக்கி எடையைக் குறைக்கக் குதிரையைப் பின்னுக்குத் தள்ள முடியாது, அதுவும் ஆபத்து. வால் கனத்தால் ட்ரெய்லர் நெடுஞ்சாலையில் பாம்பு போல ஆட ஆரம்பிக்கும். பிள்ளைகளையும் சாமானையும் ஆர்.வி.க்கு மாற்றிவிடுவதுதான் வழி.

டெக்சஸில் மொத்த எடை 4,500 பவுண்டைத் தாண்டிய ட்ரெய்லருக்குப் பிரேக் கட்டாயம். அது வேலை செய்கிறதா என்று காலி மைதானத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். டயரின் பூவைப் பார்த்து ஏமாறாதீர்கள்: வருஷத்தில் பாதி நாள் வெயிலில் நிற்கும் ட்ரெய்லர் டயர் தேய்ந்து சாவதில்லை, வயதாகிச் சாகிறது. பக்கச் சுவரில் கடைசி நாலு இலக்கம் தயாரித்த வாரமும் வருஷமும். 2319 என்றால் 2019-இன் 23-ஆவது வாரம். ஆறு வருஷம் தாண்டியிருந்தால் மாற்றுங்கள். ட்ரெய்லரில் கனமான குதிரை இடப்பக்கம் நிற்க வேண்டும். சாலை வலப்பக்கம் சரிந்திருக்கும், எடை வலப்பக்கம் இருந்தால் ஓரத்தை நோக்கி இழுக்கும்.

ஆர்.வி. பக்கம் வருவோம். 30 ஆம்ப் இணைப்பு என்றால் 120 வோல்ட்டில் 3,600 வாட், அவ்வளவுதான். ஏ.சி. ஓடும்போது 13 முதல் 15 ஆம்ப். வாட்டர் ஹீட்டரை மின்சாரத்தில் போட்டால் 12. இத்தோடு 1,800 வாட் இண்டக்‌ஷன் அடுப்பை வைத்தால் இன்னொரு 15 ஆம்ப், பிரேக்கர் விழுந்துவிடும். ஹீட்டரை கேஸுக்கு மாற்றிவிட்டு, சாம்பார் கொதிக்கும் இருபது நிமிஷம் ஏ.சி.யை நிறுத்தி வையுங்கள், இல்லையென்றால் வெளியே கேஸ் அடுப்பில் சமையுங்கள். இரண்டாவதுதான் மேல், தாளிக்கிற வாசம் மூன்று நாளும் தலையணையில் இருக்காது.

பார்க்கின் மின்கம்பத்தில் செருகுவதற்கு முன் பிரேக்கரை அணைக்க வேண்டும். வோல்ட்டேஜைக் காட்டித் தேவைப்பட்டால் தானே துண்டிக்கும் சர்ஜ் பாதுகாப்பான் ஒன்றை நடுவில் போடுங்கள். கோடை மாலையில் எல்லா வண்டியும் ஏ.சி. ஓட்டும்போது வோல்ட்டேஜ் விழும். 104-க்குக் கீழே போனால் கம்ப்ரஸர் சூடேறிக் கெடும். பழுதுக்கான பணம் உங்கள் வைப்புத்தொகையிலிருந்துதான் போகும்.

வண்டியை முதலில் இடம் வலமாகச் சமன் செய்து, சக்கரத்துக்கு முட்டுக் கொடுத்து, பிறகு முன்பின் சமன் செய்யுங்கள். குடிநீர்க் குழாயில் அழுத்தக் கட்டுப்பாட்டுக் கருவி போடாமல் இணைத்தால், பார்க்கின் தண்ணீர் வேகத்தில் உள்குழாய் இணைப்பு பிய்த்துக்கொள்ளும். கழிவுநீர் இணைப்பு உங்கள் இடத்திலேயே இருந்தால் எல்லோரும் செய்கிற தப்பு, கழிப்பறைத் தொட்டியின் வால்வைத் திறந்தே வைப்பது. நீர் வடிந்துபோகும், மலம் தங்கிக் கூம்பாக இறுகும். மூடி வையுங்கள், மூன்றில் இரண்டு பங்கு நிறைந்ததும் அதை முதலில் திறந்து, பிறகு குளியல், சமையல் நீர்த்தொட்டியைத் திறந்தால் சோப்புத் தண்ணீர் குழாயைக் கழுவிக்கொண்டு போகும். நம் சமையலுக்கு இன்னொரு எச்சரிக்கை: எண்ணெயும் பருக்கையும் சிங்க்கில் போகக் கூடாது. ஆர்.வி.யின் தொட்டியில் அவை டெக்சஸ் வெயிலில் புளித்து, இரண்டாம் நாளே வண்டி முழுக்க நாறும். தட்டைக் காகிதத்தால் துடைத்துவிட்டுக் கழுவுங்கள். இட்லி மாவு கொண்டுபோவதானால் பாத்திரத்தில் பாதிக்கு மேல் வேண்டாம், ஐஸ் பெட்டியில் வையுங்கள். குலுங்கும் வண்டியில் பொங்கிய மாவைத் துடைத்து எடுப்பது ஒரு தனி வேலை.

குதிரை வாசலுக்குப் போவோம், நேரம் முழுக்க அங்கேதான் போகும். ஆயிரம் பவுண்டுக் குதிரைக்கு நாளொன்றுக்கு உடல் எடையில் ஒன்றரை முதல் இரண்டு சதவீதம் காய்ந்த புல் வேண்டும். 15 முதல் 20 பவுண்டு. இரண்டு குதிரை, நாலு நாள், 160 பவுண்டு. ஐம்பது பவுண்டு கட்டு என்றால் நாலு கட்டு வாங்குங்கள். வீட்டில் தின்கிற அதே புல்லாக இருக்க வேண்டும். வழியில் வேறு புல் வாங்கித் திடீரென்று மாற்றினால் வயிற்றுவலி வரும். புதுத் தீனிக்குப் பழக ஏழு முதல் பத்து நாள் எடுக்கும். முன்பின் தெரியாதவரிடம் ஆல்ஃபால்ஃபா (குதிரைமசால்) வாங்கவே வேண்டாம். கொப்புள வண்டு என்றொரு பூச்சி புல்லோடு சேர்ந்து கட்டுக்குள் நசுங்கியிருக்கும். செத்த பிறகும் அதன் நஞ்சு குறையாது, கொஞ்சம் தின்றாலே குதிரை போய்விடும்.

தண்ணீர் ஒரு குதிரைக்கு நாளைக்கு 5 முதல் 10 காலன், வெயிலில் இன்னும் கூடும். பார்க்கில் குழாய் இருக்கும்தான்; குளோரின் வாசம் பிடிக்காமல் சில குதிரை வாயே வைக்காது. புறப்படுவதற்கு மூன்று நாலு நாள் முன்பிருந்தே வீட்டுத் தண்ணீரில் கொஞ்சம் ஆப்பிள் ஜூஸ் கலந்து பழக்கி, பார்க் தண்ணீரிலும் அதே ஜூஸைக் கலந்தால் வித்தியாசம் தெரியாமல் குடித்துவிடும். வாளியைப் பக்கத்துக் குதிரையோடு பகிரக் கூடாது, பொதுத் தொட்டியில் நேரே வாய் வைக்கவும் விடக் கூடாது. சளிநோய் பரவுவது இப்படித்தான்.

இரவில் எங்கே நிறுத்துவது? பார்க்கில் கம்பித் தொழுவம் இருந்தால் அதையே பயன்படுத்துங்கள். ஆணி, பிய்ந்த கம்பி, முந்தைய ஆள் விட்டுப்போன கயிறு இருக்கிறதா என்று உள்ளே ஒரு சுற்று நடந்துவிட்டுக் குதிரையை விடுங்கள். தொழுவம் இல்லாமல் உயரக் கயிறு (இரண்டு மரத்துக்கு நடுவே தலைக்கு மேல் இழுத்துக் கட்டி, அதில் குதிரையைக் கட்டுவது) கட்ட வேண்டியிருந்தால், மரத்தில் கட்ட அனுமதி உண்டா, அதற்கென்று கம்பம் நட்டிருக்கிறார்களா என்று முதலில் கேளுங்கள். மரம் என்றால் இரண்டு மூன்று அங்குல அகலப் பட்டையைச் சுற்றி அதில்தான் கயிறு. வெறும் கயிறு மரப்பட்டையை அறுத்துவிடும். நைலான் கயிறு வேண்டாம். மாலையில் இறுக்கமாக இருக்கும், குதிரை இழுக்க இழுக்க நடுராத்திரியில் தொட்டிலாகத் தொங்கும். நீளாத பாலியெஸ்டர் கயிறு, ஏழெட்டு அடி உயரம், குதிரைக்குக் குதிரை குறைந்தது 12 அடி. தலைக்கயிறு நழுவி ஓடாதபடி அதனதன் இடத்தில் முடிச்சு.

தலைக்கயிற்றின் நீளத்தில்தான் எல்லாம் இருக்கிறது. கட்டிவிட்டு, ஹால்ட்டரில் (குதிரையின் தலையில் போடும் வார்) மாட்டும் கொக்கியைச் சும்மா தொங்க விடுங்கள். அது தரையிலிருந்து ஓரடி, ஒன்றரை அடி உயரத்தில் நின்றால் சரி. குதிரை மூக்கைத் தரைக்குக் கொண்டுபோய்ப் புல் தின்னும். அதைவிட நீளம் என்றால் முன்னங்கால் கயிற்றைத் தாண்டும், பின்வாங்கும்போது குளம்புக்கு மேலே தோல் உரியும். குட்டையாக விட்டால் ராத்திரி முழுக்கத் தலையைத் தூக்கியபடி நிற்க வேண்டும். புல் வலையைத் தாழக் கட்டுவதும் இதே ஆபத்து: புல் தீர்ந்ததும் வலை தொங்கி, காலால் தரையைச் சுரண்டும் குதிரையின் லாடத்தில் மாட்டிக்கொள்ளும்.

ரே ராபர்ட்ஸ் சுற்றிலும் ஓக் மரங்கள். இலையுதிர் காலத்தில் அவற்றின் கொட்டை தரையெல்லாம் கிடக்கும். ஒன்றிரண்டு தின்றால் ஒன்றும் ஆகாது. ருசி கண்டு குவியலாகத் தின்றால் குடலும் சிறுநீரகமும் பாதிக்கும். கட்டும் இடத்தில் ஒரு வாருகோலால் கூட்டித் தள்ளிவிடுங்கள். அந்த வாருகோல் லத்தி அள்ளவும் வேண்டும்: ஒரு குதிரை நாளைக்கு முப்பது பவுண்டுக்குக் குறையாமல் போடும். தொட்டி இருந்தால் அதில், இல்லையென்றால் தடித்த பையில் கட்டி வீட்டுக்கு. அள்ளாத லத்தியில் ஈ பெருகும். ஈ என்றால் காகின்ஸை நினைத்துக்கொள்ளுங்கள்.

சவாரிக்கு வெயில் கணக்கு எளிது. ஃபாரன்ஹீட் வெப்பத்தையும் ஈரப்பத சதவீதத்தையும் கூட்டுங்கள். 130-க்குக் கீழே கவலையில்லை. 150 தாண்டினால் வியர்வை மட்டும் குதிரையைக் குளிர்விக்கப் போதாது. 180 என்றால் சேணத்தைத் தொடாதீர்கள். 92 டிகிரியும் 60 சதவீதமும் 152. டெக்சஸ் கோடையில் இது ரொம்பச் சாதாரணம். காலை ஒன்பதுக்குள் முடித்துவிடுங்கள்.

பிள்ளைகள் விஷயத்தில் பத்து வயதைவிட ஆறு வயதுதான் கவனிக்க வேண்டியது, உயரம் குதிரையின் மார்பருகே முடிந்துவிடுவதால். தோள்பக்கமாகப் பேசிக்கொண்டே போக வேண்டும், முகத்துக்கு நேரேயோ வாலுக்குப் பின்னாலேயோ கூடாது. பின்னங்கால் எட்டும் தூரம் எட்டு, பத்து அடி என்று வைத்து, தொழுவத்திலிருந்து அவ்வளவு தள்ளி மண்ணில் ஒரு கோடு கிழித்துவிட்டால் பிள்ளைகளுக்குப் புரியும். கயிற்றைக் கையில் சுற்றிக்கொள்ள ஒருபோதும் விடாதீர்கள். குதிரை மிரண்டால் விரல் போகும். கேரட்டைக் கையில் கொடுப்பதைவிட வாளியில் போடச் சொல்லுங்கள். செருப்பு வேண்டாம், மூடிய ஷூ. ஏறி உட்கார சைக்கிள் ஹெல்மெட் போதாது, குதிரைச் சவாரிக்கென்று ஏ.எஸ்.டி.எம். தரச்சான்று பெற்றது வேண்டும். ட்ரெய்லரில் ஏற்றும்போதும் இறக்கும்போதும் பிள்ளைகள் ஆர்.வி.க்குள். பெரும்பாலான காயம் அந்தப் பத்து நிமிஷத்தில்தான். குக்கரையும் குதிரைப் பக்கம் கொண்டுபோக வேண்டாம். முதல் விசிலுக்கே கயிற்றை அறுத்துக்கொண்டு கிளம்பிவிடும். சைக்கிளில் போகும்போது எதிரே குதிரை வந்தால் இறங்கி, ஓரமாக, சரிவில் கீழ்ப்பக்கம் நின்று குரல் கொடுக்கச் சொல்லிக்கொடுங்கள்.

ஏரியில் உயிர்காப்பாளர் இருப்பார் என்று எதிர்பார்க்காதீர்கள். 26 அடிக்குக் குறைவான படகு ஓடும்போது 13 வயதுக்குட்பட்டவர்கள் லைஃப் ஜாக்கெட் போடுவது டெக்சஸில் சட்டம், நீந்தும்போதும் போட்டுவிடுங்கள். பச்சைப் பெயின்ட் கொட்டியது போல் நீர் இருந்தால் பிள்ளையும் இறங்கக் கூடாது, குதிரையும் வாய் வைக்கக் கூடாது, அது நச்சுப் பாசி. மீன் பிடிக்க ஆசைப்பட்டால், ஸ்டேட் பார்க்கின் கரையிலிருந்து தூண்டில் போட லைசென்ஸ் தேவையில்லை. விறகு பொறுக்கத் தடை, வாங்கித்தான் எரிக்க வேண்டும். மாவட்டத்தில் நெருப்புத் தடை இருக்கிறதா என்று வரும் நாளில் கேளுங்கள். இரவு 10 முதல் காலை 6 வரை அமைதி நேரம். பொது இடத்தில் மது கூடாது.

குதிரை அடிக்கடி தரையைச் சுரண்டி, விலாவைத் திரும்பிப் பார்த்து, படுத்துப் புரள ஆரம்பித்து, லத்தியும் போடவில்லை என்றால் அது வயிற்றுவலி. தீனியை எடுத்துவிடுங்கள். தாடைக்கு அடியில் ஓடும் ரத்தக்குழாயில் விரல் வைத்து 15 வினாடி எண்ணி நாலால் பெருக்குங்கள். 28 முதல் 44 சாதாரணம். 60-க்கு மேல் நின்றால் அவசரம். மருத்துவரை அழைத்து நாடி, வெப்பம், கடைசியாக லத்தி போட்ட நேரம் மூன்றையும் சொல்லுங்கள். வெப்பம் 99 முதல் 101.5 வரை இருக்கலாம். பானமின் என்ற வலிநிவாரணி ஊசி கையில் இருந்தாலும் அவரைக் கேட்காமல் கொடுக்கக் கூடாது. தசையில் போடவே கூடாது, அந்த இடம் அழுகி உயிருக்கே ஆபத்தாகும். பார்க்குக்குப் பக்கத்துக் குதிரை மருத்துவரின் எண்ணையும், உங்கள் கேம்ப்சைட் எண்ணையும் ஒரு தாளில் எழுதி ட்ரெய்லர் கதவில் ஒட்டிவிட்டால், நண்பர் குதிரையை நடத்திக்கொண்டிருக்கும்போது யார் வேண்டுமானாலும் அழைக்கலாம்.

கிளம்பும் நாளில் ஆர்.வி. கழிவுத் தொட்டியைக் காலையிலேயே காலி செய்துவிடுங்கள். ஞாயிறு பதினொரு மணிக்கு டம்ப் ஸ்டேஷனில் வண்டிகள் வரிசை கட்டி நிற்கும், குதிரையை ஏற்றிவிட்டு வெயிலில் காத்திருக்க முடியாது. ரே ராபர்ட்ஸில் 2012-லிருந்து, படகோடும் நீரோடும் பிற ஏரிகளுக்குப் பரவும் ஸீப்ரா சிப்பி இருக்கிறது, எனவே கயாக் கொண்டுபோயிருந்தால் அங்கேயே கவிழ்த்து, நீரை முழுக்க வடித்துவிட்டுத்தான் சாலையில் ஏற வேண்டும், சட்டமே அப்படி. கூடாரம், சாமான், லத்தி எல்லாம் முடிந்து, ட்ரெய்லர் பின்கதவு, கொக்கிப் பூட்டு, பாதுகாப்புச் சங்கிலி, விளக்கு ஆகியவற்றை ஒருமுறை தொட்டுப் பார்த்த பிறகு குதிரையைக் கடைசியாக ஏற்றுங்கள்.